செபியா டோனிங்: வெள்ளையில் மஞ்சள் திட்டு, வானத்தில் நீலப் புள்ளி. ராயபுரத்துத் தண்ணீர்தான் காரணமா?

#1 கல்மண்டபத்துக்காரி · வெள்ளி, இரவு 11.40

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதமாக இங்கே எழுதுபவர்களைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை வந்துவிட்டது.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கழுத்தில் கேமரா. அவர் போன பிறகு பீரோவின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா அகப்பட்டது. உள்ளே நாற்பது சொச்சம் நெகட்டிவ், எல்லாம் 120 பிலிம். காசிமேட்டுக் கரையில் கட்டுமரங்கள், வலை உலர்த்தும் பெண்கள், ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள். டப்பாவைத் திறந்தபோது லேசாக ஊறுகாய் வாடை அடித்தது. அது வேறு கதை.

ஸ்கேன் செய்தேன், நன்றாகத்தான் வந்தது. ஆனாலும் அவர் செய்ததைப் போலவே காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். பழைய எனலார்ஜர் ஒன்று வாங்கினேன். மாடிக் குளியலறையின் ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினேன். டெவலப்பர் டி-72, பிறகு எலுமிச்சை உப்புக் கரைசல், பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, கடைசியில் நான்கு வாளித் தண்ணீரில் கழுவல். கறுப்பு வெள்ளைப் படம் அருமையாக வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

செபியா ஆசை பிடித்தது, அதாவது கறுப்பு வெள்ளையைப் பழுப்பாக மாற்றும் ஆசை. லிட்டருக்கு 50 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, 50 கிராம் பொட்டாசியம் புரோமைடு போட்டு பிளீச். படம் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்த பிறகு கழுவி, லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்பைடில் போட்டேன். பழுப்பு கண்ணெதிரே எழுந்து வந்தது. ஆனால்:

வலை உலர்த்தும் பெண்ணின் வெள்ளைப் புடவையில் மஞ்சள் கையை வைத்துத் துடைத்ததுபோலத் திட்டுகள். ஓரத்து வெள்ளைக் கரையிலும் அதே மஞ்சள். வானத்தில் பேனா மை தெறித்ததுபோல நீலப் புள்ளிகள். இவை பிளீச்சிலேயே வந்துவிட்டன. சல்பைடில் போட்ட பிறகு சில கறுத்துப்போயின, சில நீலமாகவே நின்றன. நான்கு படத்திலும் இதே கதை.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். வாயில் வைக்க முடியாத உப்பு, வாளியில் துருப்படிவு. தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். கேன் தண்ணீரில் ஃபைபர் காகிதத்தை (பிளாஸ்டிக் பூச்சில்லாத நார்த் தாள்) கழுவிக் கட்டுபடியாகுமா? வேறு வழி இருக்கிறதா?

பின்குறிப்பு: சல்பைடு நாற்றத்தில் கீழ்வீட்டு அத்தை மணலித் தொழிற்சாலைகள் பக்கம் ஏதோ கசிந்துவிட்டது என்று நினைத்து, இரவு பதினொரு மணிக்குக் குழந்தைகளை எழுப்பித் தெருவில் நிறுத்திவிட்டார்.

#2 பிக்சல்_போதும் · வெள்ளி, இரவு 11.52

ஸ்கேன் கையில் இருக்கிறது. கணினியில் பழுப்பு ஏற்ற ஒரு நொடி. அத்தையும் தூங்கியிருப்பார்.

#3 எண்ணூர்_நெகட்டிவ் · சனி, காலை 6.15

மேலே இருப்பவர் எல்லா இழையிலும் வந்து இதையே சொல்வார், கண்டுகொள்ளாதீர்கள்.

அக்கா, தண்ணீர்தான். சந்தேகமே வேண்டாம். வடசென்னை போர் தண்ணீரில் பிலிம் கழுவி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காய்ந்ததும் வெள்ளைப் பொடி பூத்துவிடும். பழவேற்காடு வரைக்கும் கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, நாம் அதில் படம் கழுவுகிறோம். ஆர்.ஓ. தண்ணீர் இல்லாமல் டோனிங் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. அந்த ஊறுகாய் வாடை வேறு கதை இல்லை. அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளிவரும், அதுதான் அந்த வாடை. டப்பாவுக்குள் அடைத்து வைத்தால் அந்த அமிலமே சிதைவை இன்னும் விரட்டும். இன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காகித உறைகளில் தனித்தனியாகப் போடுங்கள். மூடியை மறுபடி அழுத்தி மூடாதீர்கள். பிரிண்ட் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

#4 தங்கசாலை_ஹைப்போ · சனி, காலை 9.05

அம்மா, தண்ணீரைத் திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் ஹைப்போ எப்போது கரைத்தது? அதில் இதுவரை எத்தனை படம் போயிருக்கும்?

#5 கல்மண்டபத்துக்காரி · சனி, காலை 9.30

பொங்கல் சமயத்தில் இரண்டு லிட்டர் கரைத்தேன் ஐயா. அதே பாட்டில்தான். சோதனைத் துண்டுகளை விட்டுவிட்டு, எட்டுக்குப் பத்து அங்குலப் படம் மட்டும் எழுபது இருக்கலாம். தெளிவாகத்தான் இருக்கிறது, கலங்கவில்லை.

#6 தங்கசாலை_ஹைப்போ · சனி, காலை 10.20

தெளிவாக இருக்கும். அதுதான் அதன் வஞ்சகம்.

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கசாலைத் தெருவை ஒட்டிய ஒரு ஸ்டூடியோவில் பதினாறு வயதில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தேன். கேமராவைத் தொட விட இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரை என் வேலை படம் கழுவுவது. மூன்று சிமெண்ட் தொட்டி, ஒன்றைவிட ஒன்று தாழ்வாக. மேல் தொட்டியில் விழும் தண்ணீர் வழிந்து கீழ்த் தொட்டிக்குப் போகும். படங்கள் கீழ்த் தொட்டியிலிருந்து மேலே ஏற வேண்டும், அதாவது அழுக்கிலிருந்து சுத்தத்துக்கு. அவசரத்தில் ஒருமுறை மாற்றிப் போட்டுவிட்டேன். முதலாளி அடிக்கவில்லை. அந்தக் கல்யாணத்தின் அறுபது படங்களையும் என்னையே மறுபடி கழுவ வைத்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். காகிதத்தில் ஒளி படாத வெள்ளி உப்பு பாலில் கலந்த தண்ணீர்போலக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அதைக் கரைத்து வெளியே கொண்டுவருவதுதான் ஹைப்போவின் வேலை. புது ஹைப்போ சுத்தமாகக் கரைக்கும். பழைய ஹைப்போ ஏற்கெனவே வயிறு நிறைய வெள்ளி தின்றிருக்கும். அது பாதியில் விட்டுவிடும். கறுப்பு வெள்ளைப் படமாகவே வைத்துக்கொண்டால் உடனே ஒன்றும் தெரியாது, வருடங்கள் கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும். ஆனால் நீங்கள் அதைச் சல்பைடில் போட்டீர்கள். சல்பைடுக்குப் படத்து வெள்ளி எது, மிச்ச வெள்ளி எது என்ற பேதம் கிடையாது. எங்கே வெள்ளி இருந்தாலும் பழுப்பாக்கும். வெள்ளைப் புடவையில் மிச்சம் நின்றிருந்தால் புடவை மஞ்சளாகும். கரையில் நின்றிருந்தால் கரை மஞ்சளாகும்.

ஒளி படாத ஓரக் கரையிலும் மஞ்சள் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது.

படம் நெடுநாள் நிற்க வேண்டுமானால் ஒற்றைக் கரைசலில் லிட்டருக்குப் பத்து எட்டுக்குப் பத்துதான் என்று இல்ஃபோர்டு கம்பெனி தன் ரேப்பிட் பிக்ஸருக்கு (ஹைப்போவின் வேலையை வேகமாகச் செய்யும் கரைசல்) கணக்குச் சொல்கிறது. நீங்கள் உங்கள் சாதா ஹைப்போவில் லிட்டருக்கு முப்பத்தைந்து போட்டிருக்கிறீர்கள். இரண்டு தட்டு வையுங்கள். முதல் தட்டு பழையது, இரண்டாவது புதியது. முதலாவது களைத்ததும் கொட்டிவிட்டு இரண்டாவதை முன்னே நகர்த்தி, பின்னால் புதிதாகக் கரையுங்கள். நாங்கள் செலவுக் கணக்குப் பார்த்து அப்படிச் செய்தோம். படம் நின்றது உபரி லாபம்.

கொட்டிவிட்டு என்று எழுதினேன், நாங்கள் கொட்டியதே இல்லை. மாதம் ஒருமுறை சௌகார்பேட்டையிலிருந்து ஒருவர் கேனோடு வந்து பழைய ஹைப்போவைக் காசு கொடுத்து எடுத்துப்போவார், வெள்ளி பிரிக்க. தீபாவளிக்கு எங்களுக்குப் புதுச் சட்டை அந்தக் காசில்தான்.

நீலப் புள்ளி எனக்கு வந்ததில்லை. டீச்சர் வரட்டும்.

#7 பெரம்பூர்_டீச்சர் · சனி, மதியம் 2.10

வந்துவிட்டேன். பதினோராம் வகுப்பு விடைத்தாள் திருத்தத்திலிருந்து தப்பிக்க ஒரு காரணம் கிடைத்தது.

மஞ்சளைப் பற்றி ஐயா சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். ஒன்று சேர்க்கிறேன். ஹைப்போ பழையது என்பது பாதி. நான்கு வாளித் தண்ணீரில் ஃபைபர் காகிதம் கழுவப்படாது. நாருக்குள் நின்ற ஹைப்போவோடு நீங்கள் ஃபெரிசயனைடில் போட்டால், இரண்டும் சேர்ந்து வெள்ளியையே தின்னும் கரைசல் ஆகிவிடும். 1883-இல் ஹோவர்டு ஃபார்மர் சொன்ன வெளிறச் செய்யும் முறை அதுதான். உங்கள் படங்களில் முகங்களின் மென்மையான சாயல்கள் பழுப்பில் திரும்பி வராமல் காணாமல் போயிருக்கிறதா? பாருங்கள். இருந்தால் கழுவாததன் விளைவு.

நீலத்துக்கு வருவோம். ஃபெரிசயனைடும் இரும்பும் சந்தித்தால் பிரஷ்ய நீலம். ஜான் ஹெர்ஷல் 1842-இல் நீலப்படி முறையைக் கண்டுபிடித்ததே இந்தச் சேர்க்கையில்தான். ஆகவே பிளீச் தட்டில் இரும்புத் துகள் இருந்திருக்கிறது. சல்பைடுக் கரைசல் கடுங்காரம், காரத்தில் பிரஷ்ய நீலம் உடையும். உடைந்தவை கறுத்தன, உடையாத தடித்த புள்ளிகள் நீலமாக நின்றன. நீங்கள் பார்த்து எழுதியது துல்லியமாக இருக்கிறது. என் மாணவர்கள் இவ்வளவு பார்த்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

துருப்படிந்த தண்ணீரும் காரணமாகலாம். ஆனால் துரு பெரும்பாலும் தண்ணீரில் பரவி ஒரு பொதுச் சாயமாகத் தெரியும். தெறித்த மைபோலத் தனிப் புள்ளி என்றால் துகள். பிளீச்சுக்கு என்ன தட்டு பயன்படுத்துகிறீர்கள்?

#8 கல்மண்டபத்துக்காரி · சனி, மதியம் 2.45

அப்பாவின் தட்டு. வெள்ளை எனாமல், நீல விளிம்பு.

இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அடியில் மூன்று இடத்தில் எனாமல் உதிர்ந்து கறுப்பு இரும்பு தெரிகிறது. ஒரு இடத்தைச் சுற்றி நீல வளையம்கூட இருக்கிறது. எத்தனை நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

#9 பெரம்பூர்_டீச்சர் · சனி, மதியம் 2.50

அப்பாவின் தட்டில் வாழைப்பழம் வையுங்கள். பிளீச்சுக்கு ஐம்பது ரூபாய் பிளாஸ்டிக் தட்டு.

#10 எண்ணூர்_நெகட்டிவ் · சனி, மாலை 4.30

அப்படியானால் தண்ணீருக்கு இதில் பங்கே இல்லையா? ஒத்துக்கொள்ள மாட்டேன். உப்புத் தண்ணீரில் கழுவிய படம் எப்படி நிலைக்கும்?

#11 பெரம்பூர்_டீச்சர் · சனி, மாலை 5.15

எண்ணூர்த் தம்பிக்கு ஒரு அதிர்ச்சி. ஹைப்போவை வெளியேற்ற நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் வேகமானது. இரண்டாம் உலகப் போரில் கப்பலில் படம் கழுவியவர்கள் கடல்நீரில் கழுவினார்கள். அந்தப் படங்களில் ஹைப்போ குறைவாக மிஞ்சியிருந்தது. அதை ஆராய்ந்துதான் கழுவலுக்கு முன் போடும் ஹைப்போ நீக்கிக் கரைசலை கோடாக் கொண்டுவந்தது. கரைந்த உப்புகள் காகித நாரைப் பிடித்துக்கொண்டிருக்கும் தயோசல்பேட்டை, அதாவது ஹைப்போவை, தள்ளி வெளியேற்றுகின்றன. உப்பிலும் சோடியம் சல்பைட் கெட்டிக்காரன் என்பதால் இப்போது அதைப் பயன்படுத்துகிறோம். சல்பைட், சல்பைடு இல்லை. கடையில் சொல்லும்போது நாக்கை அடக்கி உச்சரியுங்கள். ஒரு ஒலி மாறினால் கீழ்வீட்டு அத்தை மறுபடி தெருவுக்கு வருவார்.

ஆகவே கல்மண்டபத்து போர் தண்ணீரில் தாராளமாக முதல் கழுவல் செய்யலாம். இரண்டு சதவீத சோடியம் சல்பைட்டில் பத்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடி போர் தண்ணீரிலேயே பத்து பத்து நிமிடமாக நாலைந்து முறை மாற்றி ஊற வையுங்கள். குழாயைத் திறந்துவிட்டு ஓடவிட வேண்டாம். ஹைப்போ தானாகக் கசிந்து வெளியே வருவதற்குத்தான் நேரம் வேண்டும். கடைசி இரண்டு ஊறலுக்கு மட்டும் நல்ல தண்ணீர், உப்பு காகிதத்தில் தங்காமலிருக்க. ஆறேழு படத்துக்கு ஒரு கேன் போதும்.

கெட்ட தண்ணீர் எங்கே உண்மையிலேயே கெடுக்கும் என்றால், டெவலப்பர் கரைக்கும்போது. கால்சியம் உள்ள கடினநீரில் கார்பனேட் வீழ்ந்து கலங்கும். பிலிமின் கடைசி அலசலிலும் கெடுக்கும். தம்பி சொன்ன வெள்ளைப் பொடி அதுதான். அந்த இரண்டுக்கும் கேன் தண்ணீர்.

#12 எண்ணூர்_நெகட்டிவ் · சனி, மாலை 5.40

இருபது வருடமாக இந்தத் தண்ணீரைத் திட்டி வாழ்ந்தவன் நான். கடைசியில் அதை மெச்ச வைத்துவிட்டீர்கள்.

#13 தங்கசாலை_ஹைப்போ · சனி, இரவு 8.00

2019 கோடையில் நான்கு ஏரியும் வறண்டு, லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றபோது நான் ஒரு படமும் போடவில்லை. வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை, இந்த மனிதர் போட்டோவுக்குத் தண்ணீர் கேட்கிறார் என்று பேர் வரும். டீச்சர் சொன்ன ஊறல் முறையை அன்றைக்கே தெரிந்துகொண்டிருந்தால் அந்தக் கோடையை வீணாக்கியிருக்க மாட்டேன். எங்கள் தொட்டிகளில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும். ஓடினால்தான் கழுவல் என்று நம்பினோம்.

வெயில் காலம் வருகிறது, அதற்கு ஒரு குறிப்பு. ஹைப்போவில் படிகாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் சல்பைட், பிறகு அசிட்டிக் அமிலம், அதன் பிறகுதான் படிகாரம், முறை மாறினால் கந்தகம் பிரிந்து பால்போல ஆகிவிடும். காகிதத்தின் மேலுள்ள ஜெலட்டின் இறுகும். மே மாதத்தில் முப்பத்திரண்டு டிகிரித் தண்ணீரில் படத்தின் மேல்தோல் விரல் பட்டாலே வழுக்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

#14 பெரம்பூர்_டீச்சர் · சனி, இரவு 8.40

ஐயா, இதில் மட்டும் உங்களோடு சண்டை. டோனிங்குக்குப் போகும் படத்துக்குப் படிகாரம் வேண்டாம். இறுகிய ஜெலட்டினிலிருந்து ஹைப்போ வெளியேறவும் தாமதம், டோனர் உள்ளே போகவும் தாமதம். இப்போது வரும் காகிதங்களைத் தொழிற்சாலையிலேயே இறுக்கிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

#15 தங்கசாலை_ஹைப்போ · சனி, இரவு 9.10

நான் பழகியது ஊட்டிக் காகிதம். 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’. அதற்குப் படிகாரம் இல்லாமல் சென்னையில் வேலை நடக்காது. இப்போது வரும் செக் நாட்டு ஃபோமாவுக்கு வேண்டாம் என்றால் சரி. ஆனால் சல்பைடு கடுங்காரம் என்று நீங்களே எழுதினீர்கள். வெயிலில் அதில் ஊறிய ஃபைபர் காகிதத்தில் கொப்புளம் வந்தால் என்னைக் கேளுங்கள்.

#16 பெரம்பூர்_டீச்சர் · சனி, இரவு 9.15

கொப்புளம் வந்தால் உங்களிடமே அனுப்புகிறேன். அதற்கு முன் வெளித்தட்டில் பனிக்கட்டி போட்டுக் குளிரவைக்கச் சொல்வேன்.

#17 மட்டுறுத்துநர் · ஞாயிறு, காலை 7.30

இழை நன்றாகப் போகிறது. இடையில் பாதுகாப்புக் குறிப்பு, புதியவர்களும் படிப்பார்கள் என்பதால்.

சோடியம் சல்பைடில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கொட்டும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் எச்சரிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், அப்போதுதான் உண்மையான ஆபத்து. எலுமிச்சை உப்புத் தட்டும் சல்பைடுத் தட்டும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. ஃபெரிசயனைடைக் கடும் அமிலத்தோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது. டோனிங்குக்கு இருட்டு தேவையில்லை. கையுறை போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் வைத்துச் செய்யுங்கள்.

கல்மண்டபத்துக்காரி, உங்கள் காகிதப் பெட்டி எங்கே இருக்கிறது? சல்பைடு வாடை பட்டால் இன்னும் ஒளி படாத காகிதமும் பிலிமும் மூட்டம் போட்டுவிடும், அதாவது சாம்பலடித்துவிடும்.

#18 கல்மண்டபத்துக்காரி · ஞாயிறு, காலை 8.05

குளியலறை அலமாரியில். இப்போதே தூக்கிவிட்டேன்.

#19 எண்ணூர்_நெகட்டிவ் · ஞாயிறு, காலை 10.00

நாற்றமே வேண்டாம் என்றால் சல்பைடுக்குப் பதில் தயோயூரியா இருக்கிறது அக்கா. தயோயூரியாக் கரைசல் ஒரு பாட்டில், சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு பாட்டில். காரம் கூடினால் சாக்லேட் பழுப்பு, குறைந்தால் மஞ்சள் கலந்த பழுப்பு. வேண்டிய நிறத்தை நீங்களே கலந்துகொள்ளலாம். ஆனால் அதன் பொடி டெவலப்பர் தட்டில் ஒரு சிட்டிகை விழுந்தாலும் படம் முழுக்க மூட்டம். உடம்புக்கும் நல்லதில்லை, புற்றுநோய் ஐயம் உள்ள பொருள். கரைக்கும்போது முகக்கவசம்.

நயினியப்ப நாயக்கன் தெருவின் ரசாயனக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பாரிமுனைக்குப் போகும்போது ஆண்டர்சன் தெருவில் மை ஒற்றும் தாளும் கெட்டி அட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபைபர் காகிதம் காயும்போது அப்பளம்போலச் சுருளும்.

பொதுவாக ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ள வேண்டாம். செபியா எதற்கு? கட்டுமரத்துக்கும் பழைய ஸ்டேஷனுக்கும் பழுப்பு பூசினால் அது பழமை வேஷம் இல்லையா? கல்யாண ஆல்பக்காரர்கள் செய்வதையே நாமும் செய்வதா?

#20 தங்கசாலை_ஹைப்போ · ஞாயிறு, மதியம் 12.30

தம்பி, பழுப்பு வயதால் வந்தது என்று நினைக்கிறீர்கள், அங்கேதான் தவறு. வயதால் வருவது வேறு: ஒரு மூலையில் மஞ்சளடித்து, சாயல் செத்து, சட்டம் மறைத்த இடம் மட்டும் தப்பி நிற்கும். முழுப் படமும் ஒரே சீரான பழுப்பில் கம்பீரமாக இருந்தால் அது அன்றைக்கே காசு செலவழித்துச் செய்தது. வெள்ளியைச் சல்பைடாக மாற்றிவிட்டால் காற்று அதை அவ்வளவு எளிதில் தொடாது. பெருமளவு ஏற்கெனவே துருப்பிடித்த இரும்பைத் துரு என்ன செய்யும் என்பதுபோல.

உங்கள் எண்ணூர்க் காற்றையும் எங்கள் கடல் ஈரத்தையும் நினைத்துப் பாருங்கள். கொலுசு கறுக்கும் ஊரில் வெறும் வெள்ளிப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியுமா? அடர்ந்த கறுப்பில் கண்ணாடிபோல ஒரு நீல மினுமினுப்பு ஏறும். அது படத்து வெள்ளி மேலே வந்து படிவது. மாலை போட்டு மாட்டும் படத்துக்காவது டோன் போட்டுக் கொடுங்கள் என்று எங்கள் முதலாளி சொல்வார்.

வெளுப்பதும் நிறமேற்றுவதும் நம் பக்கத்துக்குப் புதியதா என்ன? கம்பெனிக் காலத்தில் துணி வெளுப்பவர்களுக்கென்று அமைந்த வண்ணாரப்பேட்டை நமக்குக் கூப்பிடு தூரம்.

#21 காசிமேட்டு_ராத்திரி · ஞாயிறு, மதியம் 1.10

ஒரே ஒரு தகவல். செபியா என்பதே கணவாய் மீனின் பெயர். ஐரோப்பாவில் கணவாய்ப் பையிலிருந்து எடுத்த பழுப்பு மையில் எழுதினார்கள், வரைந்தார்கள். நிறத்துக்கும் அந்தப் பெயர் நின்றுவிட்டது. காசிமேட்டுப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் எது?

#22 எண்ணூர்_நெகட்டிவ் · ஞாயிறு, மதியம் 1.25

தோற்றேன். எங்கள் வீட்டில் இன்று கணவாய் வறுவல் வேறு.

ஆனால் நானாக இருந்தால் பாதியில் நிறுத்துவேன். பிளீச்சைப் பத்து மடங்கு நீர்க்கவிட்டால் மெதுவாக வெளுக்கும், வெளிச்சப் பகுதிகள் முதலில் போகும். நிழல்கள் கறுப்பாக இருக்கும்போதே எடுத்துக் கழுவி டோனரில் போட்டால் புடவையும் மணலும் பழுப்பு, கட்டுமரத்தின் அடி மட்டும் கறுப்பு. அதற்கு மேல் செலினியம் டோனர் கிடைத்தால் இன்னும் அழகு. அது எதிர்த்திசையில், நிழல்களிலிருந்து தொடங்கும். கறுப்பு இன்னும் ஆழமாகும்.

#23 பெரம்பூர்_டீச்சர் · ஞாயிறு, மாலை 6.00

செலினியம் கிடைத்தாலும் அது வடியும் இடம் எது என்று முதலில் சொல்லுங்கள். குளியலறைச் சாக்கடை எங்கே போகிறது என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வேண்டிய அளவு நஞ்சு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. செலினியம் டோனர் வடிகட்டிச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தக்கூடியது, கொட்டத் தேவையே இல்லை. அப்படி வைத்துக்கொள்ள முடியாதவர்கள் வாங்க வேண்டாம்.

கல்மண்டபத்துக்காரிக்கு இரண்டு சோதனைகள். ஐந்து சதவீத பொட்டாசியம் அயோடைடில் சில சொட்டு உங்கள் ஹைப்போவில் விடுங்கள். பால் திரிந்ததுபோல வெளிர்மஞ்சளாகக் கலங்கி, ஆட்டினாலும் கரையாமல் நின்றால் அந்த ஹைப்போ முடிந்தது. இரண்டாவது, கழுவிய படத்தின் வெள்ளைக் கரையில் மிக நீர்த்த சோடியம் சல்பைடு ஒரு சொட்டு. மூன்று நிமிடம் கழித்து ஒற்றி எடுங்கள். கறை பழுத்திருந்தால் வெள்ளி மிச்சம். முழுப் படத்தைப் பலி கொடுப்பதற்கு முன் ஒரு சொட்டில் தெரிந்துகொள்ளலாம்.

செபியாவுக்குப் போகும் பிரிண்டைக் கறுப்பு வெள்ளையில் கொஞ்சம் அடர்த்தியாகவே போடுங்கள், டோனில் வெளிறும்.

#24 கல்மண்டபத்துக்காரி · புதன், இரவு 10.50

மூன்று நாள் விடுப்பு எடுத்துச் செய்தேன். அலுவலகத்தில் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன், யாரும் காட்டிக்கொடுக்காதீர்கள்.

அயோடைடு விட்டதும் என் தெளிவான பொங்கல் ஹைப்போ மோர்போல ஆகிவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவு வெள்ளியை வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறது.

புது ஹைப்போ, இரண்டு தட்டு. சல்பைட் ஊறல், போர் தண்ணீர் ஐந்து முறை, கேன் தண்ணீர் இரண்டு முறை. கரையில் சொட்டு வைத்தால் வெள்ளையாகவே இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டில் நீர்த்த பிளீச், மொட்டைமாடியில், கடற்காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. புடவை புடவையாகவே வந்திருக்கிறது. கட்டுமரத்தின் அடி கறுப்பு, மணல் தேங்காய் மட்டையின் நிறம். ஒரு நீலப் புள்ளியும் இல்லை. முதல் நான்கு படத்தையும் கிழிக்கவில்லை, டீச்சர். பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். எண்ணூர்த் தம்பி சொன்னபடி நெகட்டிவ்களை உறைகளுக்கு மாற்றும்போது டப்பாவின் அடியில், தாளுக்குக் கீழே, ஒரு சின்ன பிரிண்ட் இருந்தது. ராயபுரம் ஸ்டேஷன் தூண்கள். அப்பாவே டோன் போட்டிருக்கிறார். தூண்கள் நல்ல பழுப்பு, மேலே வானம் முழுக்க மஞ்சள் திட்டு. பின்னால் பென்சிலில், அவர் கணக்கெழுத்தில்: “ஹைப்போ பழையது. மீண்டும் போட வேண்டும்.”

#25 தங்கசாலை_ஹைப்போ · வியாழன், காலை 6.40

தேதி போட்டிருக்கிறாரா அம்மா? அந்த நெகட்டிவ் டப்பாவில் இருக்கிறதா?

#26 கல்மண்டபத்துக்காரி · வியாழன், காலை 7.15

தேதி இல்லை ஐயா. நெகட்டிவ் இருக்கிறது, ஓரம் மட்டும் லேசாக நெளிந்திருக்கிறது. சனிக்கிழமை இரவு அதைத்தான் போடப்போகிறேன். கீழ்வீட்டு அத்தைக்கு இப்போதே சொல்லிவிட்டேன். எத்தனை மணிக்கு நாற்றம் வரும் என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொண்டிருக்கிறார்.